பொம்மையைப் புதைக்கும் குழந்தை: விளையாட்டு சிகிச்சை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற மாதம், பள்ளியில் வாய் திறக்காத ஒரு சிறுவனைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதும்போது, விளையாட்டு சிகிச்சை என்று, அதாவது விளையாட்டின் வழியே குழந்தையின் மனத்துயரை ஆற்றும் முறை பற்றி, போகிறபோக்கில் ஒரு வரி குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு வந்த கடிதங்கள் ஏராளம். அவற்றுள் பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: என் மாமனார் சித்திரையில் காலமானார். அவர் மடியிலேயே வளர்ந்தவள் என் ஆறு வயது மகள். காரியங்கள் முடிந்த சில நாட்களிலிருந்து அவள் தன் மரப்பாச்சிப் பொம்மைக்கு வெள்ளைத் துணி சுற்றி, பூப்போட்டு, தோட்டத்து மண்ணில் புதைத்து விளையாடுகிறாள். அபசகுனம் என்று சொல்லி வீட்டுப் பெரியவர்கள் பொம்மையை வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டார்கள். தடுத்தது சரிதானா? சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமா? (ஒரு தாய், தேனி மாவட்டம்)

பதில்: முதலில் அந்த மரப்பாச்சியை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துக்கம் ஆறாத வீட்டில் இப்படியொரு விளையாட்டைப் பார்க்கும் பெரியவர்களுக்கு மனம் கலங்குவது இயல்புதான். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மாமனார் மறைந்தபோது துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவருடைய கடைசி நாளை, அவர் கடைசியாகக் குடித்த காப்பியை, மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற நேரத்தை நீங்கள் மறுபடி மறுபடி சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாம் ஆறுகிறோம். உங்கள் மகளிடம் யாரும் துக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைச் சொல்லும் அளவுக்கு அவளிடம் சொற்கள் இல்லை. அவள் தனக்குத் தெரிந்த வழியில், துணியையும் பூவையும் மண்ணையும் கொண்டு அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதை முதன்முதலில் கூர்ந்து கவனித்து எழுதியவர்களுள் உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃப்ராய்டும் ஒருவர். தம் ஒன்றரை வயதுப் பேரன், நூல் கட்டிய ஒரு மரச்சுருளைக் கட்டிலின் மறுபுறம் எறிந்து மறையச் செய்வதையும், நூலை இழுத்து அதை மீண்டும் வரவழைத்து மகிழ்வதையும் அவர் 1920இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். தாய் வெளியே போகும்போது எதுவும் செய்ய இயலாத அந்தக் குழந்தை, போவதையும் வருவதையும் விளையாட்டில் தன் கையில் எடுத்துக்கொண்டது என்பது அவருடைய விளக்கம். அவருடைய மற்றக் கொள்கைகளைப் பலர் இன்று ஏற்காவிட்டாலும், தனக்கு நேர்ந்ததைத் தானே நடத்திப் பார்க்கும்போது குழந்தையின் அச்சம் குறைகிறது என்ற இந்த எண்ணம், விளையாட்டு சிகிச்சையின் பல பிரிவுகளிலும் ஏதோ ஒரு வடிவில் நிலைத்திருக்கிறது.

எனவே விளையாட்டு எதைப் பற்றியது என்பதைக் காட்டிலும், அது நாளடைவில் மாறுகிறதா என்பதைக் கவனியுங்கள். இன்று புதைக்கப்படும் பொம்மைக்கு அடுத்த வாரம் மருத்துவர் ஒருவர் வரலாம். அதற்கடுத்து பொம்மைக்குச் சோறு ஊட்டப்படலாம். இடையில் பழைய விளையாட்டுகளும் திரும்பி வரலாம். அப்படி மாறிக்கொண்டு வந்தால், துயரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சௌச்சில்லா என்ற ஊரில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டு உயிர்தப்பிய 26 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், இதற்கு நேர்மாறான ஒரு விளையாட்டையும் கண்டார். அது சிரிப்பின்றி, மாற்றமின்றி, அதே வரிசையில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. விளையாடி முடித்த குழந்தைக்கு ஆறுதல் கிடைப்பதில்லை, பதற்றம்தான் கூடுகிறது. உங்கள் மகளின் விளையாட்டு பல வாரங்களாக அவ்வாறே இறுகிக் கிடந்தாலோ, உறக்கம், உணவு, பள்ளி ஆகியவை குலைந்தாலோ, தானும் தாத்தாவிடம் போய்விட வேண்டும் என்று அவள் பேசினாலோ தாமதிக்காமல் உரியவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அதுவரை, அவள் விளையாடும்போது அருகில் உட்காருங்கள். ‘ஏன் இப்படிச் செய்கிறாய்?’ என்று கேட்க வேண்டாம். ‘எல்லாரும் பூப்போடுகிறார்கள்’ என்று கண்ணில் படுவதை மட்டும் சொன்னால் போதும். அவள் கேட்டால், தாத்தா இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று நேராகச் சொல்லுங்கள். தாத்தா தூங்குகிறார் என்றோ ஊருக்குப் போயிருக்கிறார் என்றோ சொல்லப்பட்ட குழந்தைகள், உறங்கப் போகவும், அப்பா வெளியூர் செல்லும்போதும் நடுங்குவதுண்டு.

கேள்வி: என் மகனை வாரம் ஒரு முறை விளையாட்டு சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறோம். மணலும் பொம்மையும் கொடுத்து அவன் போக்கில் விடுகிறார்கள். அதையே வீட்டில் செய்தால் செலவில்லையே? இதற்கு அறிவியல் சான்று உண்டா? (ஒரு தந்தை, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது மணலும் பொம்மையும், அங்கே உட்கார்ந்திருப்பவர் செய்யும் வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் தெரிவதில்லை.

குழந்தைகளின் மனநலச் சிகிச்சையில் விளையாட்டைப் பயன்படுத்தும் முறை ஏறத்தாழ 100 ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. மெலனி கிளைன், அன்னா ஃப்ராய்டு ஆகிய உளப்பகுப்பாய்வாளர் இருவரும் ஒருவரோடொருவர் கடுமையாக முரண்பட்டுக்கொண்டே இதற்கு அடித்தளமிட்டார்கள். லண்டனில் 1928இல் குழந்தைகளுக்கான மருத்துவ மையம் ஒன்றைத் தொடங்கிய மார்கரெட் லோவன்ஃபெல்ட், மணல் தட்டும் சிறு உருவங்களும் வைத்தார். குழந்தைகள் அதில் தங்கள் உலகத்தைத் தாங்களே அமைத்துக் காட்டினார்கள். இன்று நீங்கள் காணும் மணல் தட்டின் மூலம் அதுதான். பின்னர் அமெரிக்காவில் உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் வெளியிட்ட நூலில் எட்டு நெறிகளை வகுத்தார். குழந்தையை உள்ளபடியே ஏற்றுக்கொள்வது, அதன் உணர்வை இனங்கண்டு அதனிடமே எடுத்துச் சொல்வது, வழிநடத்தாமல் பின்தொடர்வது, அவசரப்படுத்தாமல் இருப்பது முதலியவை அவற்றுள் அடங்கும். உங்கள் மகன் செல்லும் இடத்தில் இம்மரபையே பின்பற்றுகிறார்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஒரு சிறுவன் சிங்கத்தை மணலுக்குள் புதைக்கிறான். வீட்டில் நாம், ‘சிங்கம் காட்டில் அல்லவா இருக்கும்? எங்கே, சிங்கம் எப்படிக் கத்தும்?’ என்போம். சிகிச்சையாளரோ, ‘அதை யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்துவிட்டாய்’ என்கிறார். அவன் நிமிர்ந்து பார்க்கிறான். ‘வெளியே வந்தால் எல்லாரையும் கடிச்சிடும்’ என்கிறான். ‘அது வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது’ என்கிறார் அவர். அவன் மேலும் இரண்டு கைப்பிடி மணலைப் போடுகிறான். சிங்கம் யார் என்று அவர் கேட்கவில்லை. குடித்துவிட்டு வந்து இரைகிற அப்பாவாக இருக்கலாம், அவனுடைய சொந்தக் கோபமாகவும் இருக்கலாம். அதைக் கேட்டு விடை வாங்கிவிட்டால், அவனுக்குப் பாதுகாப்பாக இருந்த அந்த மறைப்பு போய்விடும். அடுத்த வாரமும் அதே சிங்கம் அதே தட்டில் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே, நல்ல சிகிச்சையாளர்கள் பொருள்களை இடம் மாற்றாமல் காக்கிறார்கள்; பொம்மையை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் விடுவதில்லை.

சான்று உண்டு, மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். 1953 முதல் 2000 வரையிலான 93 ஆய்வுகளைத் தொகுத்து, பிராட்டனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, விளையாட்டு சிகிச்சை பெற்ற குழந்தைகள், பெறாதவர்களைவிட 0.80 திட்டவிலக்க அளவு (குழந்தைகளுக்கிடையே வழக்கமாகக் காணும் வேறுபாட்டை அளக்கும் அலகு இது) முன்னேறியிருந்தார்கள். 0.80 என்பது பெரிய விளைவாகவே கருதப்படுகிறது. ஆக்ஸ்லைன் மரபில் வந்த, குழந்தையை மையமாகக் கொண்ட முறையை மட்டும் எடுத்துக்கொண்டு 52 ஆய்வுகளை அலசிய 2015ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில் அது 0.47 என்ற நடுத்தர அளவில் நின்றது. பழைய ஆய்வுகள் பல சிறிய குழுக்களைக் கொண்டவை என்பதால் இரண்டாவது எண்ணையே நான் மனத்தில் வைத்துக்கொள்வேன். அந்த அளவே கூட ஒரு குழந்தையின் உறக்கத்திலும் பள்ளியிலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றந்தான். ஆனால் ஆட்டிசத்துக்கோ கற்றல் குறைபாட்டுக்கோ இது மாற்று மருந்து ஆகாது. திரும்பத் திரும்பக் கை கழுவும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, எண்ணத்தையும் செயலையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையே முதலில் தேவை. ஐந்து வயதுக்குப் பின்னும் படுக்கையை நனைக்கும் குழந்தைக்கு முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

கேள்வி: ஐந்து வயது மகன் தம்பி பிறந்ததிலிருந்து எல்லாரையும் அடிக்கிறான். சிகிச்சையறையில் அவன் பொம்மையைப் போட்டு அடித்தாலும் தடுப்பதில்லை என்கிறார்கள். கெட்ட பழக்கம் வளராதா? (ஒரு தாய், கடலூர்)

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. கோபம் வந்தால் தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள் என்ற பழைய அறிவுரையை இன்றைய உளவியல் ஆய்வுகள் ஆதரிப்பதில்லை. குத்துவதால் கோபம் தணிவதைவிடக் குத்தும் பழக்கமே வலுப்படுகிறது. எனவே ஒரு சிகிச்சையாளர் ‘நன்றாக அடி’ என்று தூண்டினால், அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பொறுப்புள்ளவர்கள் அவ்வாறு தூண்டுவதில்லை. அவன் அடிக்கும்போது, ‘அந்தக் குட்டிப் பாப்பா பொம்மைமேல் உனக்கு ரொம்பக் கோபம்’ என்று, அவன் செயலுக்குப் பின்னால் உள்ள உணர்வுக்கு ஒரு பெயர் கொடுக்கிறார்கள். பெயர் கிடைத்த கோபத்தை அடுத்த முறை வாயால் சொல்ல அவனால் முடியும்.

எல்லையும் அங்கே உண்டு. வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய கேரி லேண்ட்ரெத் அதற்கு மூன்று படிகளைச் சொல்கிறார். முதலில் உணர்வை ஒப்புக்கொள்ள வேண்டும், அடுத்து எல்லையைச் சொல்ல வேண்டும், பின்பு வேறு வழியைக் காட்ட வேண்டும். வீட்டிலும் இதைச் செய்யலாம்: ‘தம்பியைப் பார்த்தால் உனக்குக் கோபம் வருகிறது. தம்பியை அடிக்கக் கூடாது. எவ்வளவு கோபம் என்று இந்தத் தாளில் சிவப்புக் கலரால் காட்டு.’ குரல் உயராமல், கை ஓங்கிய அந்தக் கணத்திலேயே சொல்ல வேண்டும். அடித்து முடித்த பிறகு நடத்தும் அரை மணி நேர உபதேசத்தால் எந்தப் பயனும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து நகரத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம். பெற்றோரே இதைச் செய்ய முடியுமா? (ஒரு தம்பதியர், நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: முடியும். வந்த கடிதங்களில் நான் மிகவும் மகிழ்ந்து விடையளிக்கும் கேள்வி இதுதான். பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி என்ற அமெரிக்கத் தம்பதியர் 1960களிலேயே, சிகிச்சையாளர் வாரம் ஒரு மணி நேரம் தருவதைப் பெற்றோருக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்று முயன்று ஒரு முறையை உருவாக்கினார்கள். அதைப் பத்து அமர்வுகளில் பெற்றோர்க்குப் பயிற்றுவிக்கும் வடிவமும் பின்னர் வந்தது. மேலே சொன்ன 2005ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்தியபோது விளைவு 1.15 ஆகவும், தொழில்முறையாளர் நடத்தியபோது 0.72 ஆகவும் இருந்தது. பயிற்சி பெற்ற என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஆயினும் பெரிய துன்பம் எதற்கும் ஆளாகாத, சிறு அச்சமும் பிடிவாதமும் உள்ள குழந்தைக்கு அதன் எளிய வடிவத்தை நீங்கள் இந்த வாரமே தொடங்கலாம்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்கென்றே ஓர் அட்டைப் பெட்டியில் சில பொருள்களை வையுங்கள்: சொப்புச் சாமான், பெரியவர்களும் குழந்தைகளுமாக நாலைந்து பொம்மைகள், பசுவும் நாயும் புலியும், ஒரு மருத்துவர் பெட்டி, பழைய கைபேசி, களிமண், வண்ணப் பென்சில், தாள், ஒரு முழத் துணி. பேட்டரியில் ஓடித் தானே பேசும் பொம்மைகள் வேண்டாம். அவை குழந்தை பேச இடம் தருவதில்லை. உங்கள் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

‘இந்த நேரத்தில் உனக்குப் பிடித்தபடி விளையாடலாம்’ என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்காருங்கள். கடினமான பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது, ஏனென்றால் நீங்கள் எதையும் கற்பிக்கக் கூடாது. அவள் புலியை எடுத்து மாடு என்றால் அது மாடுதான். வானத்தைக் கறுப்பாக வரைந்தால் கறுப்பாகவே இருக்கட்டும். ‘இது எத்தனை?’, ‘இது என்ன கலர்?’ என்ற கேள்விகளும் வேண்டாம். ‘ரொம்ப அழகு’ என்ற பாராட்டுக்கூட வேண்டாம், பாராட்டுக்காக விளையாடத் தொடங்கிவிடுவாள். அவள் செய்வதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வாருங்கள்: ‘அடுப்பில் வைத்துவிட்டாய்... கொதிக்கட்டும் என்று காத்திருக்கிறாய்.’ உங்களிடம் ஒரு சொப்பை நீட்டி ‘நீ குழந்தை, நான் அம்மா, சாப்பிடு’ என்றால், குழந்தை என்ன சொல்ல வேண்டும் என்று மெல்லிய குரலில் அவளிடமே கேட்டு, அவள் சொன்னபடி செய்யுங்கள். அவள் அம்மாவாக மாறி உங்களை அதட்டினால், அந்த அதட்டலில் உங்கள் சொற்களே உங்கள் காதில் விழும். சிரிக்கவோ திருத்தவோ முனையாதீர்கள். ‘அம்மா திட்டினால் குழந்தைக்கு அழுகை வருகிறது’ என்று குழந்தையின் இடத்திலிருந்து சொல்லுங்கள். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு முறை நினைவூட்டி, முடிந்ததும் எழுந்துவிடுங்கள். அன்று அவள் எவ்வளவு குறும்பு செய்திருந்தாலும் தண்டனையாக இந்த நேரத்தை ரத்து செய்யாதீர்கள்.

முதல் சில வாரங்கள் உங்களுக்கு அலுப்பாக இருக்கும். குழந்தையும், இது உண்மைதானா என்று உங்களைச் சோதித்துப் பார்க்கும். தொடருங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் வீடிழந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். இடைவேளையில் ‘வெள்ளம் வருது’ என்று ஓடி விளையாடுகிறார்கள். நடந்ததை எல்லாரையும் பேசவைத்தால் மனப்பாரம் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். (ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு)

பதில்: பேசவைக்க வேண்டாம். பேரிடருக்குப் பின் நடந்ததை ஒரே அமர்வில் கட்டாயமாக விவரிக்கச் செய்வதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பிள்ளைகள் தாமே கண்டுபிடித்த அந்த ஓட்ட விளையாட்டில் யாராவது காப்பாற்றப்படுகிறார்களா, தோணி வருகிறதா என்று பாருங்கள். வருமாயின் அவர்கள் மீண்டு வருகிறார்கள். விளையாட்டில் சேராமல் மூலையில் நிற்கும் பிள்ளைதான் உங்கள் கவனத்துக்கு உரியது. உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பெருமைமிக்க முன்மாதிரி உண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற அமைப்பு, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து, களிமண், ஓவியம், கதை, நாடகம் ஆகியவற்றோடு அவர்களை இருக்கவிட்டது. கால அட்டவணையில் தினமும் ஒரே நேரத்தில் வரும் அரை மணி நேர விளையாட்டும், தண்ணீர், மண், வண்ணம் ஆகியவற்றைத் தொட அனுமதியும் உங்கள் வகுப்பில் செய்யக்கூடியவை. பிள்ளைகளின் படத்தைப் பார்த்து ‘இவனுக்கு இன்ன பிரச்சினை’ என்று முடிவுகட்டும் வேலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: சிகிச்சையறையில் மகள் என்ன செய்தாள் என்று கேட்டால் முழுமையாகச் சொல்ல மறுக்கிறார்கள். பெற்றோருக்கு உரிமை இல்லையா? நல்ல சிகிச்சையாளரை எப்படி அறிவது? (ஒரு தாய், சென்னை)

பதில்: அவள் போக்கு எப்படி இருக்கிறது, எந்தக் கவலை மேலோங்கியிருக்கிறது, வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அறிய உங்களுக்கு முழு உரிமை உண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை உங்களைத் தனியே சந்தித்துப் பேசாத சிகிச்சையாளரிடம் அதைக் கேட்டுப் பெறுங்கள். இன்று எந்தப் பொம்மையை யார் அடித்தார்கள் என்ற விவரத்தை அவர் காப்பது உங்கள் மகளின் நம்பிக்கையைக் காப்பதற்காகத்தான். காரில் திரும்பும்போது ‘இன்னைக்கு என்ன விளையாடினே?’ என்று நீங்களும் விசாரிக்காதீர்கள்.

இதற்கு விலக்கும் உண்டு. குழந்தைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் அவர் மறைக்கக் கூடாது. பாலியல் வன்முறை நேர்ந்திருப்பதாக அறிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பெற்றோருக்கு அப்படியோர் ஐயம் எழுந்தால், பொம்மையைக் காட்டி ‘மாமா இங்கே தொட்டாரா?’ என்று சொல்லிக்கொடுத்துக் கேட்காமல், குழந்தை தானாகச் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

சிகிச்சையாளரிடம், அடிப்படையில் என்ன படித்தார், விளையாட்டு சிகிச்சையில் யாரிடம் எவ்வளவு காலம் பயின்றார், இப்போது மூத்தவர் யாருடைய மேற்பார்வையில் பணிபுரிகிறார் என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். வார இறுதிப் பயிற்சி ஒன்றின் சான்றிதழை மட்டும் காட்டுபவரையும், இத்தனை அமர்வில் குணமாகும் என்று முதல் நாளே உறுதி கொடுப்பவரையும், உங்களோடு ஒரு மணி நேரம் பேசி வரலாறு கேட்காமல் குழந்தையை அறைக்குள் அழைத்துச் செல்பவரையும் தவிர்த்துவிடுங்கள். கட்டணம் சுமையாக இருந்தால் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையையும், மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் முதலில் அணுகுங்கள். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.